கூகைப் பெட்டிகளுக்கு ஆள் போட்ட கதை

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பெஸ்தாரி ஜெயாவில் எங்கள் இடைநிலைப்பள்ளியின் விவசாயக் கழகம், எலி பிடிக்கும் கூகைகள் குடியிருக்கவென்று செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் வைத்துப் பாழாய்க் கிடந்த பெட்டிகளைப் பழுதுபார்த்து, புதிதாகவும் ஐந்து பெட்டிகள் செய்து நிறுத்தியது. அப்போது கழகத் தலைவி நான். பலகை வாங்குவது, கடிதம் எழுதுவது, சண்டை தீர்ப்பது, கணக்கு ஒப்பிப்பது என்று எதில் சிக்கல் வந்தாலும் என் தலைதான் உருண்டது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறேன். இப்போது எழுதி வைத்தால்தான் உண்டு. வேறு பள்ளிப் பிள்ளைகள் யாராவது இதே வேலையில் இறங்கினால் அளவுகளாவது உதவும்.

கூகை என்றால் இதய வடிவில் வெள்ளை முகம் உள்ள பறவை. தோட்டத்துப் பேச்சில் எல்லாமே ஆந்தைதான், எனவே ஆரம்பத்தில் யாரிடம் எதைச் சொன்னாலும் குழப்பம். படம் காட்டித்தான் பேச வேண்டியிருந்தது.

எங்கள் ஊரின் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெயர் மாறியது, ஆனால் பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். மலாயாவில் முதன்முதலாக வணிக முறையில் செம்பனை நட்டது இந்த வட்டாரத்தில்தான்: 1917, தென்னமரம் தோட்டம், ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். நாங்கள் வேலை செய்தது அந்தத் தோட்டத்தில் இல்லை, வேறொன்றில். ஆனால் நூறு வருஷத்துக்கு மேல் செம்பனையோடு குடித்தனம் நடத்தும் ஊரில் எலியைப் பற்றி யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. குலையில் பழுத்த பழத்தின் சதையைக் கொறிக்கும், உதிரிப் பழத்தை மட்டைக் குவியலுக்குள் இழுத்துப் போகும். அதுவும் போதாதென்று, பூத்து ஓய்ந்த ஆண் பூங்கொத்தைப் பிய்த்து உள்ளே இருக்கும் வண்டுப் புழுக்களைத் தின்னும். அந்த வண்டுதான் செம்பனைக்கு மகரந்தம் சுமப்பது. கண்டுகொள்ளாமல் விட்டால் எண்ணெய் விளைச்சலில் 5 விழுக்காடு வரை எலிக்குப் போகும் என்பது தோட்டங்களில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

கூகை 1960களின் இறுதி வரை மலேசியத் தீபகற்பத்தில் அரிதான பறவை. செம்பனை பரவப் பரவ எலி பெருகியது, எலி பெருகியதும் கூகையும் பெருகியது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஆய்வாளர்கள் அது செரிக்காமல் வாயால் கக்கும் உருண்டைகளைப் பிரித்துப் பார்த்து, உணவில் ஏறக்குறைய எல்லாமே எலி என்று கண்டார்கள். குஞ்சு வளர்க்கும் ஒரு ஜோடி ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் எலி பிடிக்கும். ஒரே தொல்லை, கூகைக்குக் கூடு கட்டத் தெரியாது. பொந்து வேண்டும். செம்பனையில் ஏது பொந்து? எனவே பெட்டி. பத்து ஹெக்டருக்கு ஒன்று என்பது பொதுவான கணக்கு. எலி அதிகமான இடத்தில் ஐந்து ஹெக்டருக்கு ஒன்றுகூட வைப்பார்கள்.

பழைய பெட்டிகளைப் பார்க்க, தோட்டத்து மண்டோர் (மேற்பார்வையாளர்) மாமாவோடு போனோம். ஒன்பது பெட்டிகள். மூன்றின் தரைப்பலகை உளுத்து விழுந்திருந்தது. ஒன்றில் மலைத்தேனீ இல்லை, சின்னத் தேனீதான், ஆனால் நன்றாகக் குடியேறி அடை கட்டியிருந்தது. ஒரு கம்பம் சாய்ந்து மட்டையில் மாட்டிக்கொண்டு நின்றது. மீதிப் பெட்டிகள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வாசல் விளிம்பு கறுத்து, கைவிரலால் அழுத்தினால் உள்ளே போனது. அழுகிய பெட்டிகள் எல்லாம் மேற்குப் பார்த்து நின்றவை என்று இரண்டாம் படிவத்து (எட்டாம் வகுப்பு) பையன் ஒருவன்தான் முதலில் கவனித்தான். விடியற்காலையில் மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து அடித்துக்கொண்டு வரும் சுமாத்ராக் காற்று மழையை நேராக வாசலுக்குள் கொட்டியிருக்கிறது. கிழக்குப் பார்த்த இரண்டு பெட்டிகள் உள்ளே காய்ந்தே இருந்தன.

"யார் மாமா இதெல்லாம் பாத்துக்கிட்டது?" என்று கேட்டேன்.

"ஒரு கிராணி இருந்தாரு. மாத்தலாகிப் போயிட்டாரு" என்றார். கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர்.

அவ்வளவுதான் காரணம். பலகை அழுகியது பிறகு. பெட்டிக்குப் பெயர் இல்லை, பார்க்க ஆள் இல்லை. அவர் போனதோடு கோப்பும் மூடியது. அந்தப் பதிலைக் கேட்ட பிறகு, முதலில் பழுதுபார்க்க வேண்டியது எங்கள் கழகத்தைத்தான் என்று எனக்குத் தோன்றியது. ஏனென்றால் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பட்டியல் சுவரில் தொங்கும். வேலை என்று வந்தால் எப்போதும் அதே நான்கு பேர்தான் சங்குல் (மண்வெட்டி) பிடிப்பார்கள்.

ஆலோசகர் டீச்சர் ஒரு நாள் சில தாள்களை அச்செடுத்துக் கொடுத்தார். அமெரிக்காவில் பள்ளி விவசாய மாணவர்களுக்கு எஃப்.எஃப்.ஏ. என்று ஓர் அமைப்பு இருக்கிறது, 1928இல் கான்சஸ் சிட்டியில் தொடங்கியது. அவர்களின் நீல நிறக் கார்டுராய் ஜாக்கெட் 1933 முதல் வழக்கில் இருக்கிறது. பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 1969 வரை ஆகியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு எங்கள் பெண்கள் கொஞ்சம் பெருமையாகவே உட்கார்ந்திருந்தோம், எங்கள் கழகத்தில் பாதிக்கு மேல் பெண்கள். கூட்டம் தொடங்கும்போது ஒவ்வொரு பொறுப்பாளரும் தனக்குரிய சின்னத்தின் அருகே நின்று தன் வேலை என்ன என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். தலைவருக்கு உதயசூரியன், துணைத்தலைவருக்குக் கலப்பை, செயலாளருக்குச் சோளக்கதிர். பொருளாளருக்கு ஜார்ஜ் வாஷிங்டன் படம், மனிதர் தன் பண்ணைக் கணக்கை அவ்வளவு கவனமாக எழுதி வைத்தவர். வாசலில் நிற்பதற்கென்றே ஒரு பொறுப்பு உண்டு. ஆலோசகருக்கு எது தெரியுமா? ஆந்தை. டீச்சர் முகத்தைப் பார்க்க முடியாமல் எல்லாரும் மேசையைப் பார்த்தோம்.

அந்த வைபவமெல்லாம் நமக்குச் சரிப்படாது. சூரியனும் சோளக்கதிரும் வைத்து நாடகம் போட எங்கள் பையன்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இரண்டு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுந்து தன் வேலையைத் தன் வாயால் சொல்வது ஒன்று. ஒவ்வொரு மாணவரும் தன் திட்டத்துக்கென்று ஒரு பதிவுப் புத்தகம் வைத்திருப்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆரம்பத்தில் ஒரே சிரிப்பு. "நான் பெட்டி எண் ஆறு, என் கூட்டாளி இன்னார், சனிக்கிழமை பார்த்தோம், ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். பார்க்காமல் வந்தவன் எழுந்து நின்று "பார்க்கவில்லை" என்று எல்லார் முன்னும் சொல்ல வேண்டும். திட்டுவதைவிட இது நன்றாக வேலை செய்தது. நான் திட்டவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒரு பெட்டிக்கு இரண்டு பேர்: ஒருவர் மேல் படிவம், ஒருவர் முதல் அல்லது இரண்டாம் படிவம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. நண்பர்கள் ஜோடி சேர்ந்தால் இருவரும் ஒரே ஆண்டில் பள்ளியை விட்டுப் போவார்கள், பெட்டி அநாதையாகும்.

அனுமதி வாங்கும் படலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பள்ளிக்கு ஒரு கடிதம், பெற்றோர் கையெழுத்துப் படிவம், தோட்ட நிர்வாகத்துக்கு மலாயில் ஒரு கடிதம். கூகை, 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட பறவை என்பதால் முட்டையையோ குஞ்சையோ தொடக் கூடாது, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று டீச்சர் முதலிலேயே சொல்லிவிட்டார். உதவி மேனேஜர் மலாய்க்காரர், இளைஞர். நாங்கள் பேசப் பேசத் தலையாட்டினார். கடைசியில் "ஏணியில் ஒரு மாணவர்கூட ஏறக் கூடாது" என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். அந்த நிபந்தனைதான் எங்கள் கம்பத்தின் வடிவத்தையே மாற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது பெட்டி. 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், 8 அடிக்கு 4 அடி பலகை. ஒரு பலகையில் ஒரு பெட்டி முழுதாக வர வேண்டும் என்பது பொருளாளரின் பிடிவாதம், இரண்டாவது பலகைக்குக் காசில்லை. பெட்டியின் நீளம் 3 அடி, ஆழம் 2 அடி, உயரம் ஒன்றரை அடி. தரைக்கும் கூரைக்கும் 3க்கு 2 துண்டு இரண்டு. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பலகையின் முதல் மூன்றடி முடிந்தது. அடுத்த மூன்றடியில் முன்சுவரும் பின்சுவரும், அதற்கு மேல் ஓரடி அகலத்துக்கு ஒரு பட்டை மிஞ்சும். கடைசி இரண்டடியில் பக்கச்சுவர் இரண்டு, அதிலும் 2க்கு 1 துண்டு ஒன்று மிஞ்சும். பட்டையில் ஒன்றரை அடி வெட்டினால் நடுத்தடுப்பு ஆயிற்று. மிஞ்சிய 2க்கு 1 துண்டு வாசல் திண்ணை. ரம்பம் தின்னும் அகலத்துக்கு அரைக்கால் அங்குலம் அங்கங்கே குறையும், பரவாயில்லை. இந்தக் கணக்கைக் கட்டம் போட்ட தாளில் போட்டுக் கொடுத்தது முன்சொன்ன அதே இரண்டாம் படிவத்துப் பையன். கணிதத்தில் சராசரி மாணவன்தான், ஆனால் பலகை என்றதும் மூளை வேறு மாதிரி ஓடியது.

நடுத்தடுப்பு எதற்கு? வாசல் முன்சுவரின் ஒரு ஓரத்தில் இருக்கும். தடுப்பு பெட்டியை இரண்டு அறையாக்கும், ஆனால் ஆழத்தில் பாதிதான் மறைக்கும், பின்பக்கம் ஓரடி வழி விட்டிருக்கும். கூகை வாசலில் நுழைந்து சுற்றிக்கொண்டு உள்ளறைக்குப் போகும். உள்ளறை இருட்டாக இருந்தால்தான் அதற்கு நிம்மதி. மழை அடித்தாலும் சாரல் முன்னறையோடு நிற்கும். வாசல் 9 அங்குல அகலம், 8 அங்குல உயரம். அதன் அடிவிளிம்பு தரையிலிருந்து 7 அங்குலத்தில் இருக்க வேண்டும். இதைக் குறைத்தால் தத்தித் தத்தி நடக்கும் குஞ்சு நேரே வெளியே விழும். பழைய பெட்டிகளில் இது 3 அங்குலம்தான் இருந்தது. வெளியே திண்ணை இருந்தால் சிறகு முளைத்த குஞ்சுகள் அதில் நின்று இறக்கை அடித்துப் பழகும்.

பின்சுவரில் கீல் போட்டு ஒரு கதவு, சுத்தம் செய்வதற்கு. தரையின் நான்கு மூலையிலும் பென்சில் தடிமனில் துளைகள், தண்ணீர் வடிய. சுவர்களில் கூரைக்குக் கீழே காற்றுத் துளைகள். கூரைமேல் தகரம் போட வேண்டும். ஆனால் தகரத்தை நேராகப் பலகைமேல் அறைந்தால் மதியத்தில் உள்ளே அடுப்புதான். ஓரங்குலச் சட்டங்கள் வைத்து, காற்று ஓட இடம் விட்டு, அதன் மேல் தகரம். முன்பக்கம் அரை அடி நீட்டி விட்டோம். வெளியே வெள்ளைப் பெயின்ட் இரண்டு கை, உள்ளே பெயின்ட் கூடாது. ஆணியை விடத் திருகாணி நல்லது, ஆணி மழையில் துருவேறிப் பிடி விட்டுவிடும். பழைய பெட்டிகளைப் பிரித்தபோது பல ஆணிகள் கையோடு வந்தன.

அந்த ஒன்பதில் நான்கைத்தான் காப்பாற்ற முடிந்தது. தரைப்பலகை புதிதாக, வாசல் விளிம்பை வெட்டி எடுத்து உயர்த்தி, கூரைக்குத் தகரம். மீதி ஐந்துக்குப் பதிலாகத்தான் புதிய ஐந்து. தரையில் ஒரு கையளவு மரத்தூள் பரப்பினோம், முட்டை உருளாமல் இருக்க. மரத்தூளை ஊரில் உள்ள மரக்கடையில் சும்மா கொடுத்தார்கள். சுத்தமான, மருந்து அடிக்காத மரத்தின் தூளாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கம்பத்துக்கு வருவோம். ஏணி கூடாது என்றால் பெட்டியை எப்படிச் சுத்தம் செய்வது? கம்பத்தையே கீழே இறக்க வேண்டியதுதான். குழியில் சிமென்ட் போட்டு, ஒரு சாண் இடைவெளியில் இரண்டு குட்டை இரும்புக் கால்கள், நாலடி உயரம். அவற்றுக்கு நடுவே 15 அடிக் கம்பத்தை நிறுத்தி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு போல்ட். கீழ்ப் போல்ட்டைக் கழற்றினால் மேல் போல்ட்டை அச்சாக வைத்துக் கம்பம் சாயும். கயிறு கட்டி மெதுவாக இறக்கலாம். தோட்டத்துப் பட்டறையில் பற்றவைத்துக் கொடுத்தார்கள், இரும்பும் அவர்களுடையதே. கம்பத்தை ஏற்றி இறக்குவது தோட்டத் தொழிலாளர்களின் வேலை. மாணவர்கள் கம்பத்தின் நீளத்தை விட அதிகம் தள்ளி நிற்க வேண்டும். கம்பத்தில் ஆள் உயரத்துக்குத் தகரத்தைச் சுற்றிவிட்டோம், பாம்பும் உடும்பும் ஏறாமல் இருக்க. பெட்டிக்கு முன்னால் தொங்கும் மட்டைகளை வெட்டிப் பறக்க வழி விட வேண்டும். வாசல் கிழக்கே.

முட்டையோ குஞ்சோ இருக்கும்போது கம்பத்தை இறக்கவே கூடாது. அப்போது பார்ப்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். குலை வெட்டும் அலுமினியக் கழியின் நுனியில் அரிவாளைக் கழற்றிவிட்டு, பழைய கைப்பேசி ஒன்றை ரப்பர் பட்டையால் கட்டி, பதிவை ஓடவிட்டு வாசலில் சில விநாடி காட்டி இறக்கிவிடுவோம். விளக்கு போடக் கூடாது. பகல் வெளிச்சத்தில் உள்ளறை மங்கலாகத் தெரியும், அது போதும்.

பெட்டிகள் தயாராகிக்கொண்டிருந்தபோதே எதிர்ப்பு வந்தது. லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசி வீட்டுப் பாட்டி. மூன்றாம் எண் பெட்டி அவர் வீட்டுப் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் வர இருந்தது.

"ஏம்மா, படிச்ச புள்ளதானே நீ? அது கத்துனா வீட்டுல ஒரு உசுரு போவும். உங்க தாத்தா போன ராத்திரியும் அதுதான் கத்துச்சு."

அவர் சொன்னது என் தாத்தாவை அல்ல, தன் கணவரை. ஆனால் தோட்டத்தில் எல்லாருக்கும் அவர் தாத்தாதான். இதற்கு என்ன பதில் சொல்வது? எங்கள் செயலாளர் மூடநம்பிக்கை என்று ஆரம்பித்தான், அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். "சரி பாட்டி, தள்ளி வைக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெட்டியை லயத்துப் பக்கமிருந்து எடுத்துக் காட்டுக்குள்ளே கொண்டுபோய் நிறுத்தினோம். தலைவர் வேலையில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன், நம்முடைய ஆட்களின் வாயை நேரத்துக்கு மூடுவது.

கூகை உடனே வரவில்லை. அந்த ஆண்டு மழைக்காலம் முழுக்கக் கூட்டத்தில் "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்றே ஒப்பித்தார்கள். ஒரு பெட்டிக்கு மறுபடி தேனீ வந்தது. தேனெடுக்கத் தெரிந்த ஓர் இந்தோனேசியத் தொழிலாளர் இரவில் வந்து கூட்டைப் பத்திரமாக எடுத்துப் போனார். இன்னொன்றில் மைனா குப்பையை நிரப்பி வைத்தது. சின்னப் பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டியது. அந்தக் காலத்தில் ஆட்களைப் பிடித்து வைத்தது எலிச்சேதக் கணக்குதான்.

அது இப்படி. தோட்டம் வழக்கமாக எலிக்கு மெழுகுக் கட்டி விஷம் வைக்கும். பெட்டியைச் சுற்றி அதே விஷத்தை வைத்தால் விஷம் தின்ற எலியைக் கூகை தின்னும். வார்ஃபரின் மாதிரி பழைய மருந்தில் ஆபத்து குறைவு. ப்ரோடிஃபாக்கூம் மாதிரி அடுத்த தலைமுறை மருந்துகள் வந்தபோது, 1980களில் நம் நாட்டுத் தோட்டங்களிலேயே கூகைகள் செத்து எண்ணிக்கை சரிந்திருக்கிறது. எனவே பெட்டி இருக்கும் பகுதிகளில் விஷத்தை நிறுத்துங்கள் என்று கேட்டோம். உதவி மேனேஜர் சிரித்தார். "எலி ஏறினால் என் மேலதிகாரிக்கு யார் பதில் சொல்வது?" நியாயமான கேள்விதான். கணக்கு எடுத்துத் தருகிறோம் என்றேன். நூறு மரத்தில் ஐந்துக்கு மேல் புதுக் கடி இருந்தால் விஷம் வைக்கத் தொடங்குவது தோட்டங்களில் வழக்கம். அந்த அளவைத் தாண்டினால் அவர் விருப்பப்படி செய்யட்டும், அப்போதும் பழைய வகை மருந்துதான். தாண்டாவிட்டால் விஷம் வேண்டாம். ஒத்துக்கொண்டார்.

கணக்கு எடுக்கக் கண் பழக வேண்டும். பத்து வரிசைக்கு ஒரு வரிசை நடந்து, ஒவ்வொரு மரத்திலும் குலைகளைப் பார்க்க வேண்டும். புதுக் கடி ஈரமாக, பளிச்சென்ற ஆரஞ்சில், பல் தடம் தெளிவாக இருக்கும். பழைய கடி காய்ந்து கறுத்து நாராகிவிடும். கறுத்ததை எண்ணக் கூடாது. ஆரம்பத்தில் பிள்ளைகள் எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டு வந்தார்கள். மண்டோர் மாமா கூடவே நடந்து, "இது போன மாசத்துது, இது நேத்து ராத்திரி" என்று காட்டிக் கொடுத்ததும் வித்தியாசம் பிடிபட்டது. பார்த்த மரத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு.

முதல் தடயம் ஆறாம் எண் பெட்டியில். முன்சுவரில் வெள்ளையாக எச்சக் கோடுகள், கீழே புல்லில் கறுப்பாய்ப் பளபளக்கும் உருண்டைகள். பகலில் காக்கைகள் அந்தக் கம்பத்தைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. கூகை உள்ளே இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. கழியில் கட்டிய கைப்பேசி காட்டியது: வெள்ளை முட்டைகள், ஐந்து. அடை காப்பது ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகம். முட்டைகளை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இடுவதால் குஞ்சுகளும் அதே வரிசையில் பொரியும். படத்தில் பெரியதும் சிறியதுமாகப் படிக்கட்டு வரிசையில் இருந்தன. வளர்ந்த குஞ்சுகள் இருக்கும் பெட்டிக்குக் கீழே சாயங்காலம் நின்றால், விசில் வருமுன் குக்கர் சீறுவது மாதிரி ஒரு சத்தம் விடாமல் கேட்கும். பசியில் கத்துகின்றன. முதலில் கேட்ட முதல் படிவத்துப் பையன் பாம்பு என்று ஓடிவிட்டான்.

உருண்டைகளைப் பொறுக்கிக் காயவைத்து, ஆய்வுக்கூட அடுப்பில் சூடேற்றிக் கிருமி போக்கிய பிறகே கையுறையோடு தொட்டோம். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் ரோமம் பிரியும். உள்ளே மண்டையோடு, முன்பற்கள் அடர்ந்த ஆரஞ்சு நிறத்தில், தாடை எலும்புகள், விலா எலும்புகள் ஊசி ஊசியாய். தாடைகளை இடது வலது என்று பிரித்து எண்ணினால் எத்தனை எலி என்று தெரியும். ஓர் உருண்டையில் பெரும்பாலும் ஒன்று, சிலவற்றில் இரண்டு. அதைக் கறுப்பு அட்டையில் வரிசையாக ஒட்டி, தோட்டத்துக் கோயில் திருவிழாவின்போது அன்னதானக் கொட்டகையில் ஒரு மேசை போட்டு வைத்தோம். டீச்சருக்கு அரைமனது, கோயிலில் எலும்பா என்று. கோயில் தலைவர்தான் "கொட்டகைக்கு வெளியே வைங்க, ஒண்ணும் இல்ல" என்றார்.

அந்தப் பாட்டியும் வந்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இத்தனையும் அது தின்னதா?" என்றார். பிறகு சம்பந்தமே இல்லாமல் தன் காலத்துக் கதைக்குப் போனார். அந்த வண்டு வருவதற்கு முன்னால் செம்பனையில் மகரந்தம் சேர்த்தது பெண்கள் கை. தூளோடு டால்க் பவுடர் கலந்து, ஊதுகுழாயில் அடைத்து, மரம் மரமாகப் பூவில் ஊதிக்கொண்டு போவார்களாம். வேலை முடிந்து வரும்போது முகமெல்லாம் வெள்ளையாம். 1981இல் கெமரூனிலிருந்து வண்டு கொண்டுவந்து விட்டதும் அந்த வேலை ஒரேயடியாகப் போய்விட்டது. "எங்க வேலைய வண்டு எடுத்துக்கிச்சு, இப்ப அந்த வண்ட எலி திங்குது, எலிய ஆந்த திங்குது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். என் பாடப்புத்தகத்தில் உணவுச் சங்கிலி படம் இவ்வளவு தெளிவாக இல்லை.

அவர் மனம் மாறிவிட்டார் என்று எழுத ஆசைதான், ஆனால் கூகை கத்தினால் இன்றும் வாசலில் எலுமிச்சம்பழம் வைப்பார். ஆனால் ராத்திரியில் தூக்கம் வராதவர் என்பதால், எந்தப் பக்கம் கத்தியது என்று மறுநாள் எங்கள் ஆட்களைக் கூப்பிட்டுச் சொல்வார். "மேக்கால, ரெண்டு வாட்டி." பதிவுப் புத்தகத்தில் அதற்கென்று ஒரு பத்தி சேர்த்தோம், சாட்சி என்ற தலைப்பில். அதில் பாதிப் பதிவுகள் பாட்டியுடையவை. அவர் சொன்ன திசையை வைத்துத்தான் எட்டாம் எண் பெட்டியையும் கழி விட்டுப் பார்த்தோம், அங்கேயும் ஜோடி சேர்ந்திருந்தது.

பதிவுப் புத்தகம் பற்றிக் கொஞ்சம். கடின அட்டை போட்ட நீள நோட்டு, பெட்டிக்கு இரண்டு பக்கம். தேதி, பார்த்தவர் பெயர், எச்சக் கோடு புதிதா பழையதா, உருண்டை எத்தனை, மரவேலை ஏதாவது தேவையா, சாட்சி. கைப்பேசியில் குழு வைத்துப் போடலாமே என்று எல்லாரும் கேட்டார்கள். குழுவும் இருக்கிறது. ஆனால் குழுவில் படம் போட்டவன் பள்ளியை விட்டுப் போனால் படமும் அவனோடு போகும். நோட்டு கழக அலமாரியில் இருக்கும்.

நான்காம் காலாண்டில் ஐந்தாம் படிவத்துக்காரர்கள் எல்லாரும் ட்ரையல் தேர்வு, கூடுதல் வகுப்பு என்று காணாமல் போய்விடுவோம் என்பது தெரிந்ததே. எனவே அதற்கு முன்பே கூட்டத்தை நடத்தும் பொறுப்பைத் துணைத்தலைவியிடம் விட்டேன், அவள் நான்காம் படிவம். நான் பின்வரிசையில் உட்கார்ந்து, என் பெட்டி முறை வந்தபோது எழுந்து ஒப்பித்தேன். அவள் கூட்டம் நடத்தும் விதம் என்னுடையதை விட வேகம். ஒரு நாள் என் கூட்டாளி வராமல் நான் மட்டும் வந்தபோது, "பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல்லுங்க அக்கா" என்றாள். பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன், அதையே சொன்னேன்.

இப்போதைய நிலை: ஒன்பது பெட்டியில் நான்கில் கூகை இருக்கிறது. எலிச்சேதம் ஒரு பகுதியில் மட்டும் ஐந்தைத் தாண்டியது, அங்கே பழைய வகை மருந்து வைத்தார்கள். மற்ற இடங்களில் விஷம் வைக்கவில்லை. இதைக் கூகைதான் செய்தது என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை, நல்ல மழை, காய்ப்பு எல்லாம் சேர்ந்திருக்கும். உதவி மேனேஜர் மட்டும் தன் அறிக்கையில் கூகைக்கே முழுப் பெயரையும் கொடுத்துவிட்டதாகக் கேள்வி.

பாக்கி வேலைகள்: இரண்டாம் எண் கம்பத்தின் மேல் போல்ட் இறுகிப் போயிருக்கிறது, குஞ்சுகள் பறந்த பிறகு இறக்கி எண்ணெய் விட வேண்டும். தேனீ வந்த பெட்டியை நிழல் குறைந்த இடத்துக்கு மாற்றிப் பார்க்கலாம் என்று மண்டோர் மாமா சொல்கிறார். ஏழாம் எண்ணின் தகரம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு காற்றில் அடிக்கிறது, சட்டத்தோடு இரண்டு திருகாணி சேர்த்தால் போதும். இரும்புக் கடை தாவ்கேயிடம் (முதலாளியிடம்) அந்தத் திருகாணிக்கும் கீலுக்குமாக 18 வெள்ளி (ரிங்கிட்) கடன் நிற்கிறது. கழகக் கணக்கில் எழுதியிருக்கிறேன், புதுப் பொருளாளர் கொடுத்துவிடுவார்.